கம்பத்து ஏலத்தில் இரண்டு கைநாற்காலிகள்

வெள்ளிக்கிழமை. மதுரையிலிருந்து தேனிக்கு மூன்றாம் வகுப்பு. உட்கார இடம் கிடைத்தும் பாதி வழி நின்றுகொண்டே போனேன். மறுநாள் கம்பத்தில் ஏலம். குமுளி மலையில் தோட்டம் வைத்திருந்த துரை சீமைக்குத் திரும்புவதால், பங்களாச் சாமான்களைக் கீழே இறக்கி விற்கிறார்கள். அவற்றில் இரண்டு மகாகனி கைநாற்காலிகள் உண்டு. அவற்றின் ஜோடியான, கையில்லாத நான்கு நாற்காலிகளை முன்பே அவரிடம் வாங்கியிருந்தேன். சென்னை வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டு, "நூறு வருஷத்துச் சாமான். ஆறும் சேர்ந்தால் அறுநூறு ரூபாய். இல்லையென்றால் எண்பதுக்கு மேல் பெறாது" என்றார். அந்த அறுநூறை நம்பித்தான் என் மகளின் கல்யாணத்துக்குத் தையில் நாள் குறித்திருக்கிறோம்.

தேனியிலிருந்து கம்பம் இருபத்தைந்து மைல், பஸ்ஸுக்கு எட்டணா. சின்னமனூரில் நின்ற வண்டி கிளம்பவேயில்லை. இரண்டு முறை இறங்கி ஏறினேன்.

"என்னய்யா, இருப்புக்கொள்ளாம எறங்கி எறங்கி ஏறுறீக? சீட்டுல மூட்டைப்பூச்சியா?" என்றார் கண்டக்டர்.

"எப்போது போய்ச் சேரும்?"

"அத வண்டிகிட்டத்தான் கேக்கணும்."

சனிக்கிழமை காலை ஏலம். நாற்காலிகளைத் தனித்தனியாகக் கூவினார்கள். முதலாவது நாற்பது ரூபாய்க்கு எனக்கு விழுந்தது. முதுகுப் பலகையில் செதுக்கிய திராட்சைக்கொத்து, பழுத்துக் கறுத்த மெருகு. இரண்டாவதற்குப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்க்காரர்கள் கூடிக் கூடிப் பேசி விலை ஏற்றினார்கள். வழிச்செலவு போக என் கையிருப்பு தீர்ந்தது. நாற்காலி அவர்களுக்குப் போயிற்று.

அவர்கள் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரைப் பிடித்தேன். என் கதையைச் சொல்லி, புதுத் தேக்கு நாற்காலி ஒன்று அனுப்புகிறேன், மேலே பணமும் ஊர் போய் அனுப்புகிறேன் என்றேன்.

"எங்க கோயிலுக்கு ஆண்டகை வாராக அய்யா. பிஷப்பு! அவுக உக்காரத்தான் எடுத்தோம். ஊர்ல கேட்டுச் சொல்றேன். நாளைக்குப் பூசை முடியவும் அங்கன வாங்க."

ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊர் ஐந்து மைல். மாட்டுவண்டி பிடித்தேன், மாடு நடந்த நடைக்குப் பொறுக்காமல் இறங்கி முன்னால் நடந்தேன்.

உபதேசியார் சிரித்துக்கொண்டே வந்தார். "ஊர்ல சம்மதிச்சிட்டாக. தாராளமா எடுத்துக்கங்க. மேல பணமெல்லாம் வேண்டாம்."

கோயிலுக்குள் நாற்காலி நீலப் பெயிண்டில் பளபளத்தது. யாரும் உட்காராதபடி குறுக்கே கயிறு. முதுகைத் தடவினேன். திராட்சைக்கொத்து இல்லை, இழைப்புளி ஓடிய வழவழப்புதான் இருந்தது.

"நேத்துச் சாயங்காலமே ஆசாரிய விட்டு இழைச்சு, பெயிண்டும் அடிச்சாச்சு. ஏலத்துல எடுத்த பழச ஆண்டகைக்குப் போட்டா ஊருக்கு மரியாதையா?"

என் முகம் போன போக்கைப் பார்த்த ஒரு அம்மாள், "ஜோடி சேரலன்னு யோசிக்கிறாக போல. உங்களதயும் கொண்டாங்கய்யா, பெயிண்டு மிச்சமிருக்கு" என்றார்.

அவர்கள் நாற்காலியை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை, தேனி ஸ்டேஷன். ஏலத்தில் எடுத்த என் ஒற்றை நாற்காலி சாக்கில் சுற்றிப் பக்கத்தில். ரயில் தாமதம். "நாற்காலிய வச்சுக்கிட்டு நிக்கிறீகளே!" என்றார் போர்ட்டர். சாக்கைப் பிரித்து உட்கார்ந்தேன். முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் உடனே எழுந்துவிட்டேன்.

என் வீட்டிலும் நான்கு நாற்காலிகள் யாரும் உட்காராதபடி துணி மூடிக் கிடக்கின்றன. அந்த ஊரில் கயிற்றை அவிழ்க்க ஒருவர் வருவது நிச்சயம். என் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள் இனித் தையில் இல்லை. அதை வீட்டில் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமல், சாக்கை மறுபடி சுற்றிக் கட்டிவிட்டு, ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் நடந்துகொண்டேயிருந்தேன்.