விரலை வளைத்ததும் முளைத்த சித்தப்பா

இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் புதுக்கோட்டையில் தற்காப்புப் பயிற்சிக்குப் போகிறேன். இன்று காலை விராலிமலை பஸ்ஸில்தான் முதல்முறையாக அதற்கு வேலை வந்தது.

பின்சீட்டு ஆளின் கை, இடுக்கு வழியாக என் இடுப்புக்கு வந்தது. சொல்லிக்கொடுத்தபடியே அவர் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்து, "கைய எடுய்யா" என்று கத்தினேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்த அம்மாதான் என்னைக் கேட்டார். "நீ எந்த ஊரு? யாரு மக?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அட, அப்ப இவரு ஒனக்குச் சித்தப்பா முறைல்ல வேணும். விடு ஆத்தா, தெரியாம பட்டுருக்கும்."

கண்டக்டர், "சொந்தத்துக்குள்ள எதுக்கும்மா வம்பு, நீங்க முன்னாடி வந்து உக்காருங்க" என்றார்.

சித்தப்பா விரலை ஊதிக்கொண்டே, "அப்பாவக் கேட்டதாச் சொல்லு" என்றார்.

கையைப் பிடித்தால், முடியைப் பிடித்தால், கழுத்தைப் பிடித்தால் எப்படி விடுபடுவது என்று மாஸ்டர் எல்லாம் சொல்லித் தந்திருக்கிறார். ஒரு பஸ்ஸே சேர்ந்து முறை சொல்லிப் பிடித்தால் என்ன செய்வது?

தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க மாட்டேன்.