நோர்வே மண்

ரிச்மண்ட் பூங்கா வாசலில் வதனி என்னை நிறுத்துகிறாள். நண்பரின் தங்கை, மான் காட்டுவதற்காக என்னை அழைத்து வந்தவள். இப்போது என் ஷூவையே பார்க்கிறாள்.

"அண்ணை, நோர்வே மலையில ஏறினது இந்தச் சப்பாத்தோடயோ?"

"ஆமா, முந்தாநாள். கழுவிட்டேனே."

"கழுவினாலும் போகாது. அங்க மானுகளுக்கு ஒரு நோய் வந்தது, அந்தக் கிருமி மண்ணில வருசக்கணக்காக் கிடக்கும். கிருமியெண்டும் சொல்ல ஏலாது, உருக்குலைஞ்ச ஒரு புரதம். மானின்ர எச்சிலால, மூத்திரத்தால பரவி மூளையை அரிக்கும்."

லண்டனுக்கு வருமுன் அவள் நோர்வேயில் ஒரு விலங்கு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள்.

"அங்க ஒரு பனிமான் மந்தையையே சுட்டவை. தலையள் எங்களிட்ட வந்தது. கனக்கத் தலையில நோயே இல்லை."

"அப்புறம் ஏன் எல்லாத்தையும் சுட்டாங்க?"

"உயிரோட நிக்கேக்க நிச்சயமாச் சொல்ல ஏலாது, அண்ணை. மூளையை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

வாசலுக்கு அப்பால் செம்மான்கள் ஈரப்புல் மேய்கின்றன. ஒரு குட்டி தாயின் மடியை முட்டிப் பால் குடிக்கிறது. இந்த நாட்டு மான்களிடம் அந்த நோய் இன்னும் காணப்படவில்லையாம்.

நான் உள்ளே போகவில்லை. வதனியும் போகாமல் என்னோடு வெளியிலேயே நிற்கிறாள்.