வள்ளத்தில் ஏறிய குற்றம்

போர்க் காலத்தில், இயக்கத்தில் நானும் என் கணவரும் ஒரே படகில் இருந்தோம். எஞ்சின் என் பொறுப்பு, துவக்கு அவர் பொறுப்பு. ஒருமுறை சண்டைக்கு நடுவே எஞ்சின் நின்றுபோனது. நான் அதைத் திருத்தும்வரை அவர் எனக்கு மறைப்பாக நின்று சுட்டுக்கொண்டிருந்தார். கரை சேர்ந்ததும், "நீங்கள் எஞ்சினிலை இருந்தால் எனக்குப் பயமில்லை" என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் அவரைக் கட்டினேன். மடைச்சி நான்.

போர் முடிந்து, தடுப்பு முகாமும் முடிந்து, வடமராட்சிக் கரையில் அவருடைய ஊருக்கு வந்தோம். அவர் தகப்பனின் மீன்பிடித் தொழிலுக்கே திரும்பினார். இங்கே பெண்கள் வலையிலிருந்து மீன் கழற்றலாம், கருவாடு போடலாம். வள்ளத்தில் மட்டும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் மீன் படாதாம். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாசியில் ஒரு பின்னேரம் அவருக்குச் சாப்பாடு கொண்டு கரைக்குப் போனேன். வள்ளத்து எஞ்சின் பிடிக்கவில்லை. கயிற்றை இழுத்து இழுத்து அவருக்கு மூச்சு வாங்கியது. சுற்றி நின்ற ஆண்கள் ஆளுக்கொரு புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிளக் நனைந்திருக்கிறது என்று எனக்குச் சத்தத்திலேயே விளங்கிவிட்டது. யோசிக்கவேயில்லை, சாப்பாட்டுப் பெட்டியை மணலில் வைத்துவிட்டு ஏறினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டி ஓர் இழுவை. பிடித்துவிட்டது.

சுற்றி நின்றவர்களில் அவருடைய அண்ணன்தான் சொன்னார்: "தம்பி, பொம்பிளை ஏறின வள்ளத்தைக் கழுவாமல் கடலுக்கு விடாதை."

நான் என் கணவரைப் பார்த்தேன். 'இவளால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் எனக்கு. அவர் எஞ்சினை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்காமலே, "நீர் வீட்டை போம்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவரும் பின்னால் வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நான் சமைக்கும் குசினி வாசலில் வாளியோடு நின்றார்.

"கோவியாதையும். நான் உவங்களோடைதானே தொழில் செய்யவேணும். கொஞ்சம் மஞ்சள் கரைச்சுத் தாரும், வள்ளத்துக்குத் தெளிக்க."

எண்ணெய் மணம் போகாத கையாலேயே கரைத்தேன். வாளியை நீட்டும்போது கேட்டேன்:

"அண்டைக்கு உங்களைக் கரை சேர்த்த படகை ஆர் கழுவினது?"

அவர் வாளியை வாங்கிக்கொண்டு, மஞ்சள் தண்ணீர் சிந்தாமல் பார்த்துப் பார்த்து நடந்து போனார்.