கடற்கரையில் சேர்த்த மூச்சு

டென்னிஸ் கிளப்பில் மார்க்கர் வேலை என்றால், ஜோடி கிடைக்காத மெம்பருக்கு எதிரே நின்று பந்தைத் திருப்பிப் போடுவது. சம்பளத்துக்காக மூச்சு வாங்கியவர்கள் எல்லாருக்கும் என் கஷ்டம் புரியும். யுத்தம் முடிந்த வருஷங்களில் மயிலாப்பூரில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மூன்று மைல் வக்கீல்

காலேஜில் மூன்று மைல் ஓட்டத்தில் கப் வாங்கிய இளம் வக்கீல் ஒருவர் வந்து சேர்ந்தார். கால் மணி நேரத்தில் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சாயங்கால வெயில் செம்மண் தரையில் மெல்ல நகர்வதையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் சொன்னார்: "ஓடறச்சே எங்கே போறோம்னு நேக்குத் தெரியும்ப்பா. இங்கே அது பந்துக்குன்னா தெரியறது!"

கபாலியின் வண்டி

வாசலில் கைரிக்ஷா கபாலி நிற்பார். மாம்பலம்வரை ஆளை இழுத்துவிட்டு வந்தாலும் ஒரு சொம்பு தண்ணீரில் தெளிந்துவிடுவார். நாற்பதைத் தாண்டிய நான் வேலியோரம் இரைப்பதைப் பார்த்து ஒருநாள் பரிதாபப்பட்டார்: "ஓடிக்கினே இருந்தா மூச்சு தானா வரும் நைனா. நீ நாலு எட்டு ஓடறே, நிக்கறே, திரும்பறே. வண்டிய அப்டி நிறுத்தி நிறுத்திக் கெளப்புனா நான் செத்தே பூடுவேன்!"

அலையோரம்

நான் இரைப்பது செக்ரட்டரி கண்ணிலும் பட்டது. அடுத்த மாதம் புது மெம்பர் டாக்டரோடு மூன்று செட் ஆட வேண்டும், நடுவில் திணறினால் வேறு மார்க்கர் என்றார். பயந்துபோய், கபாலி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், விடியலில் சாந்தோம் கடற்கரையில் ஓட ஆரம்பித்தேன். ஈர மணல், வெளிறிய வானம், ஒரே சீரான அலை. ஓடுவது நானா வேறு யாரோவா என்றே தெரியாது. அவ்வளவு சுகம். வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கேட்டார்: "இன்னாத்தத் தொரத்திக்கினு போற?"

மூன்றாவது செட்

மார்க்கர் ஜெயிக்கக் கூடாது. வேண்டுமென்று தோற்பதும் மெம்பருக்குத் தெரியக் கூடாது. டாக்டரிடம் முதல் இரண்டு செட்டை அப்படித்தான் ஆளுக்கொன்றாகப் பிரித்தேன். மூன்றாவதில் மூச்சு ஜம்மென்று இருந்தது, கால்தான் சொன்னபடி கேட்கவில்லை. ஓடினால் நிற்கத் தெரியவில்லை, நின்றால் கிளம்பத் தெரியவில்லை. முழு மனதோடு ஆடி, நிஜமாகவே தோற்றேன். வேலை போயிற்று என்று கண் கலங்கப் பந்துகளைப் பொறுக்கினேன். செக்ரட்டரி வந்து தோளைத் தட்டினார்: "டாக்டருக்குத் துளி சந்தேகம் வராமத் தோத்தியே! இந்தப் பக்குவம் வேற எந்த மார்க்கருக்கு வரும்?"

அதன்பின் அந்த வேலையில் இருந்த பத்து வருஷமும் என் பக்குவம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டேதான் போனது.