முருகனை விட்டு அம்மனிடம்: குட்மேய்ஸிலிருந்து வெஸ்ட் ஈலிங்குக்கு ஒரு வலைப்பந்துப் பயணம்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வலது முழங்காலுக்குத் தைலம் பூசினேன். பல் தீட்டியது அதற்குப் பிறகுதான். நாற்பத்தாறு வயதில் வலைப்பந்து விளையாடப் புறப்படுகிறவர்கள் இந்த வரிசையை மாற்றக் கூடாது. தைலம் ஊற நேரம் வேண்டும்.

இந்த இணையப் பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்றால், மேலே சொல்லியிருந்த தமிழ் எழுத்துருவை உங்கள் கணினியில் இறக்கியிருக்கிறீர்கள். நன்றி. எங்கள் அணியில் ஒருவரும் இன்னும் இறக்கவில்லை. "நீங்கள் எழுதினதெல்லாம் சதுரம் சதுரமாத் தெரியுது அக்கா, நல்லா இருக்கு" என்று ஒருத்தி பாராட்டினாள். அதோடு விட்டுவிட்டேன்.

பயணம் நடந்தது இந்த வருடம், 1998 மே மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரணம் கொஞ்சம் நீளம். யாழ்ப்பாணத்துப் பெண்கள் கல்லூரிகளின் பழைய மாணவிகளுக்கு லண்டனில் இரண்டு வலைப்பந்து லீக்குகள் உண்டு. கிழக்கு லீக் மனோர் பார்க் பக்கம் நடக்கும். கோப்பையை முருகன் கோயிலில் வைத்து எடுப்பதால் அது முருகன் லீக். மேற்கு லீக் வெஸ்ட் ஈலிங்கில் நடக்கும். அங்கே அம்மன் கோயில் இருப்பதால் அது அம்மன் லீக். நாங்கள் ஆறு வருடமாக முருகன் ஆட்கள். சென்ற வருடப் பரிசளிப்பில் எங்களைப் படத்தின் ஓரத்தில் நிறுத்தினார்கள். ஆண்டு மலர் அச்சாகி வந்தபோது எங்கள் அணி என்று காட்ட என்னுடைய முழங்கை மட்டும் இருந்தது. எங்கள் கப்டன் சிவமலர் அக்கா அந்த முழங்கையை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேற்குக்குப் போவம்" என்றார். வெளியில் நாங்கள் சொன்ன காரணம், மேற்கில் போட்டி தரமானது என்பது.

கிழக்குக்கு விலகல் கடிதம் போய்விட்டது. மேற்கோ ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. முதல் ஆட்டத்தில் பதினொரு மணிக்கு, அணி எந்தக் கல்லூரியுடையதோ அந்தக் கல்லூரியின் பழைய மாணவிகள் ஏழு பேர் களத்தில் நிற்க வேண்டும். ஆறு பேர் என்றால் பதிவு இல்லை. அதாவது, ஒருத்தி வராவிட்டால் எங்களுக்குக் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை.

எட்டு மணிக்கு ராசன் அண்ணையின் வான் குட்மேய்ஸ் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தது. ராசன் அண்ணை வார நாட்களில் அந்த வண்டியில் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் ஏற்றுகிறவர். வாடகை, பெற்றோலோடு நாற்பது பவுண். கருவாட்டு மணம் இலவசம். ரயிலில் போக நினைத்தால் லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை போய், சென்ட்ரல் லைனில் கடைசி நிறுத்தமான ஈலிங் பிரோட்வேயில் இறங்கி, 207ஆம் இலக்க பஸ் எடுக்கலாம். ஒன்றரை மணி நேரம் ஆகும். அன்று பாதை திருத்துகிறோம் என்று குட்மேய்ஸில் ரயிலை நிறுத்தி வைத்திருந்தார்கள். லண்டனில் ஞாயிற்றுக்கிழமை பாதை திருத்தாவிட்டால்தான் விசாரிக்க வேண்டும்.

முதல் நிறுத்தம் மனோர் பார்க். எங்களில் ஆறு பேர் வானில் இருந்தோம். ஏழாவது ஆள் வசந்தி. எங்கள் கோல் ஷூட்டர், கூடைக்குள் பந்து போடத் தெரிந்த ஒரே ஆள். கதவைத் திறந்தவள் பட்டுச் சேலையில் நின்றாள். கையில் ஒரு தட்டு.

"என்னடி கோலம் இது?" என்றார் சிவமலர் அக்கா.

"என்ரை மனுசன் கிழக்கு லீக்கின்ரை பொருளாளர் எண்டு தெரியும்தானே அக்கா. இண்டைக்கு அவையின்ரை தொடக்க விழா. நான் மேற்கிலை போய் ஓடினால் அவர் எந்த முகத்தோடை மேடையிலை நிக்கிறது? என்னாலை வரேலாது. எனக்குப் பதிலா இதைக் கொண்டு போங்கோ."

தட்டில் ஆட்டிறைச்சி ரோல்ஸ். முப்பதாவது இருக்கும். எங்கள் ஏழாவது ஆளாக அந்தத் தட்டு முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தது.

கோயில் தெருவைத் தாண்டும்போது சிவமலர் அக்கா வானை நிறுத்தச் சொன்னார். பந்தை முருகனுக்கு முன்னால் வைத்து எடுக்க வேண்டுமாம்.

ராசன் அண்ணை திரும்பிப் பார்த்தார். "அவரை விட்டிட்டுத்தானே போறியள். பிறகு அவரிட்டையே ஆசீர்வாதமும் கேக்கிறியளோ?"

"நாங்கள் ஆரிட்டைப் போறம்? அவரின்ரை தாயிட்டைத்தானே."

"தங்கச்சி, அவர் ஒரு மாம்பழத்துக்கே கோவிச்சுக்கொண்டு மலை ஏறினவர். லீக்குக்குச் சும்மா இருப்பாரோ?"

பந்து வானிலேயே இருந்தது. யாரும் இறங்கவில்லை.

அங்கிருந்து நோர்த் சேர்குலர் வீதி. குட்மேய்ஸிலிருந்து வெஸ்ட் ஈலிங் வரை, மனோர் பார்க் சுற்றோடு சேர்த்து, அண்ணையின் மீற்றரில் இருபத்துமூன்று மைல். வெம்ப்ளி வரை சுகம். பிறகு ஹாங்கர் லேன் சுற்றுவட்டம் வரும். அதற்குள் நுழைவது எளிது. நாங்கள் மூன்று முறை சுற்றினோம். மூன்றாவது சுற்றில் சிவமலர் அக்கா, "இதென்ன, பிரதட்சணமோ?" என்றார். "ஓம், மூண்டு சுத்து முடிஞ்சுது, இனி வழி விடுவினம்" என்று அண்ணை ஒரு லொறிக்கு முன்னால் வெட்டினார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பத்தரைக்கு மைதானம். வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூடத்தின் களம். இறங்கியபோது எதிரே எட்டுப் பெண்கள் மெரூன் டீசேட்டோடு உடம்பு முறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் மெரூன். அவர்கள் நெஞ்சில் இருந்த இலச்சினையும் எங்களுடையதே.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய மாணவிகள் சங்கம் ஏழு வருடம் முன்பு இரண்டாகப் பிரிந்தது. கொடி கிழக்குக்கு, குத்துவிளக்கு மேற்குக்கு. எங்கள் ஊர்ச் சங்கம் எதுவும் பிரியாமல் இருந்தால் அதற்கு ஆயுள் குறைவு என்று அர்த்தம். மேற்குக் கிளை வருடம் ஒருமுறை மதிய விருந்து வைப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். இந்த வருடம் அவர்களும் புதிதாக அணி சேர்த்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரியோடு முதல் ஆட்டம் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. கல்லூரி என்றால் எங்களுக்கு உலகத்தில் ஒன்றுதான். அவர்களும் கேட்கவில்லை, அதே காரணத்துக்காக.

நடுவர் அந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை, வெள்ளைக்காரப் பெண். ஆட்டத்துக்கு முன் கல்லூரிக் கீதம் பாடுவது வழக்கம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைத் தொடங்கியதும் அவர் தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பள்ளியின் மஞ்சள் மேலங்கிகளை எடுத்து வந்தார். மெரூனை யார் மறைப்பது என்று பத்து நிமிடம் வாக்குவாதம். நாணயம் சுண்டினார்கள். தோற்றது நாங்கள். "மஞ்சள் அம்மனுக்கு உகந்த நிறம்" என்று சிவமலர் அக்கா எங்களைத் தேற்றினார்.

பத்து ஐம்பத்தைந்து. மஞ்சளில் ஆறு பேர். நடுவர் எங்களை விரலால் எண்ணினார். இன்னொரு தடவையும் எண்ணினார்.

அப்போது எதிரணிப் பக்கத்திலிருந்து ஒருத்தி தன் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டே நடந்து வந்தாள். பவானி. என் வகுப்பு. பள்ளியில் அவள் கோல் ஷூட்டர், நான் கோல் அட்டாக். கூடைக்குப் போட உரிமையுள்ள இரண்டே இடங்கள் அவை. சங்கம் பிரிந்த பிறகு யார் முதலில் போன் எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்ததில் ஏழு வருடம் போய்விட்டது.

"சட்டம் என்ன? அந்தக் கல்லூரியின்ரை பழைய மாணவிகள் ஏழு பேர். நான் ஆர்? நாங்கள் எட்டுப் பேர் நிக்கிறம், ஒராள் மிச்சம்தானே" என்று நடுவரிடம் ஆங்கிலத்திலும் தன் கப்டனிடம் தமிழிலும் சொன்னாள். பிறகு என்னிடம், "கௌரி, உன்ரை முழங்கால் இன்னும் இருக்கோ?"

"பாதி இருக்கு."

"அவ்வளவு காணும். பந்தை உயரத் தா."

நடுவர் சட்டத்தாளை வாசித்துவிட்டுத் தலையாட்டினார். பதினொரு மணிக்கு நாங்கள் ஏழு பேர்.

ஆட்டத்தை விவரிக்கும் அளவுக்கு எனக்கு மூச்சு இருக்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. பவானி எங்கே நிற்கிறாள் என்று நான் பார்க்கவே தேவையிருக்கவில்லை. வெட்டித் திரும்புவாள் என்று கை நினைத்தது, அவள் திரும்பினாள். கடைசி நிமிடத்தில் பத்துக்குப் பத்து. நான் உயரக் கொடுத்தேன், அவள் போட்டாள். அவர்களின் கப்டன் களத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இரவல் குடுத்த கத்தியே எங்கடை கழுத்தை அறுக்குது! பவானி, நீ வீட்டை போக ஆரின்ரை காரிலை ஏறுறாய் எண்டு பாப்பம்!"

"கருவாட்டு வானிலை ஏறுவன்" என்றாள் பவானி.

பிறகு இரண்டு அணியும் புல்லில் இருந்து வசந்தியின் ரோல்ஸைத் தின்று முடித்தோம். முடித்த பின்தான் சிவமலர் அக்காவுக்கு அம்மன் கோயிலுக்குப் போவதாக வேண்டிக்கொண்டது நினைவு வந்தது. ஆட்டிறைச்சி வயிற்றோடு உள்ளே போக முடியாது. தெருவின் எதிர்ப்பக்கத்தில் வரிசையாக நின்று கும்பிட்டோம். "மகனையும் விட்டாச்சு, தாயிட்டையும் வாசலுக்கு வெளியிலை" என்றார் ராசன் அண்ணை, எஞ்சினை நிறுத்தாமலே. ஆகவே இந்தப் பயணம் போகிறவர்களுக்கு: மரக்கறி ரோல்ஸ் கொண்டு போங்கள். ஹாங்கர் லேனில் இடது ஓரத்தை நம்ப வேண்டாம். உடைமாற்ற இடம் கிடையாது, வீட்டிலிருந்தே டீசேட்டோடு போங்கள்.

திரும்பும் வழியில் வானுக்குள் கூட்டம் நடந்தது. சிவமலர் அக்கா சொன்னார்: "வெண்டிட்டம், பதிவும் கிடைச்சிட்டுது. ஆனா இருபத்துமூண்டு மைல் ஓடிப் போய் எங்களோடையே விளையாடுறதுக்கு நோர்த் சேர்குலர் என்னத்துக்கு? வசந்தியின்ரை மனுசனோடை கதைச்சுக் கிழக்குக்கே திரும்புவம். இந்த முறை படத்திலை நடுவிலை நிக்கக் கேப்பம்."

எல்லோரும் ஓம் என்றார்கள். நானும் ஓம் என்றேன். நல்ல முடிவுதான். முருகனும் சமாதானமாவார், ராசன் அண்ணைக்குப் பெற்றோல் மிச்சம்.

ஆனால் நான் வானில் ஏறும் முன் பவானி என் கையைப் பிடித்து, "எங்கடை கோல் அட்டாக் இடுப்பு ஒப்பரேஷனுக்குப் போறா. அந்த இடம் சும்மா கிடக்கப் போகுது" என்று மட்டும் சொன்னாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ரயில் ஓடுமாம், விசாரித்துவிட்டேன். லிவர்பூல் ஸ்ட்ரீட், சென்ட்ரல் லைன், 207. ஒன்றரை மணி நேரம் முழங்காலில் தைலம் ஊறப் போதும். மேற்குக் கிளையில் சேர்ந்து மெரூனில் நான் விளையாடப் போகிறேன் என்று சிவமலர் அக்காவிடம் சொல்லவில்லை. பவானியிடமும் இன்னும் சொல்லவில்லை. இங்கே எழுதலாம். எங்கள் அணியில் யாருக்கும் இது சதுரம் சதுரமாகத்தான் தெரியும்.