செந்தூரனுக்கு வந்தது எது

புத்தூரில் சண்முகநாதன் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார். ஒருவர் செத்துப்போய்விட்டார். மிஞ்சியவர் வெங்காயம் பயிர் செய்கிற வெங்காயச் சண்முகநாதன். பெண்சாதி மீனாம்பிகை நீர்வேலிப் பகுதியாள். அவளுடைய தாயும் சண்முகநாதனின் சின்னம்மாவும் ஒன்றுவிட்ட சகோதரிகள், ஆகவே சொந்தத்துக்குள்தான் கலியாணம். அதனால்தான் பெடியன் அப்படிப் பிறந்தான் என்று பிறகு சனம் கதைத்தது. மூத்தவள் வினோஜாவும் அதே தாய்க்கும் தகப்பனுக்கும்தான் ஒரு குறையும் இல்லாமல் பிறந்தாள். அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

இளையவன் செந்தூரன். அழுதால் உதடும் நகக்கண்ணும் நாவற்பழம் தின்றது போல நீலமாகும். கொஞ்சத் தூரம் ஓடினால் குந்திவிடுவான். குந்தினால்தான் மூச்சு வரும். இருதயத்தில் ஓட்டை, அது போதாதென்று நுரையீரலுக்கு இரத்தம் போகிற வழியும் ஒடுக்கம் என்றார்கள் டொக்டர்மார். வெட்டித் தைக்கக் கொழும்புக்குப் போக வேண்டும். சண்டைக் காலம், கொழும்புக்குப் போகிற கண்டி வீதி பூட்டிக் கிடந்தது. வீதி திறந்த வருடம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனுக்கு அப்போது ஆறு வயது.

ஒப்பரேசன் அறைக் கதவைச் சாத்தியதும், மீனாம்பிகை அந்தக் கதவையே கோயில் வாசலாக நினைத்துக் கும்பிட்டு நேர்த்தி வைத்தாள்.

"முருகா, இவனை உயிரோடை தா. வளர்ந்து உன்ரை வாசலிலை செடில் குத்திக் காவடி எடுப்பான்."

முதுகுத் தோலில் வரிசையாகக் கொளுக்கி முள்ளுகளைக் குத்தி, அவற்றில் கட்டிய கயிற்றை ஒருவர் பின்னால் இழுத்துப் பிடிக்க, முன்னால் ஆடிக்கொண்டு போவதுதான் செடில் காவடி. பால்காவடி என்று சொல்லியிருந்தால் சின்ன வேலை. கேட்டது பெரிய சாமான், கொடுப்பதும் பெரிதாக இருக்கட்டும் என்று நினைத்துவிட்டாள்.

பிள்ளை தப்பினான். உதடு சிவந்தது. ஊருக்கு வந்து வளவெல்லாம் ஓடித் திரிந்தான். கொழும்பில் மறுபடி கொண்டுவந்து காட்டச் சொல்லித்தான் விட்டார்கள். ஓடித் திரிகிற பிள்ளையில் எதைக் காட்டுவது? பிறகு வீதியும் பூட்டுப்பட்டது, சண்டை பெருத்தது, அந்தக் கதை அதோடு போய்விட்டது.

செந்தூரனுக்குத் தான் சுகமான ஆளா வருத்தக்கார ஆளா என்பது ஒருநாளும் பிடிபடவில்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ரீச்சர் அவனை மரத்தடியில் இருத்தி மற்றவர்களின் செருப்பைப் பார்க்கச் சொன்னார். அப்போது அவன் வருத்தக்காரன். வேலிக்குக் கதியால் தடி நட ஆள் காணாதபோது, "உனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி நிக்கிறாய், வா" என்பார் தகப்பன். அப்போது சுகம். சம்பந்தம் பேசி வந்தவர்களிடம் தாய், "ஒரு வருத்தமும் இல்லாத பிள்ளை" என்பாள். வந்தவர்கள் வாசலைத் தாண்ட முதல், "வெங்காயச் சாக்கைத் தூக்கினியோ தெரியும்" என்று அவன்மேல் பாய்வாள். கோயிலுக்குள் ஆம்பிளைகள் மேல்சட்டை கழற்ற வேண்டும். கழற்றினால் நெஞ்சின் நடுவே கழுத்துக் குழியிலிருந்து கீழே இறங்கும் தழும்பு தெரியும். பார்க்கிற கிழடுகட்டைகள், "முருகன் கீறின கோடு" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

வளர்ந்து ஒரு பட்டா லொறி எடுத்தான். விடிய எழும்பிப் புத்தூர் மரக்கறியைச் சுன்னாகம் சந்தையில் கொண்டுபோய்ப் போடுவான். போன மாசியில் சந்தையடியில் நிற்கும்போது நெஞ்சுக்குள் கோழி செட்டை அடிப்பது போல அடித்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. பிறகும் வந்தது. வினோஜாதான் ஏசிப் பேசி அவனை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்கு அனுப்பினாள்.

அங்கே டொக்டர் ஒரு இளம் பெண். ஸ்கான் பண்ணிப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னாள்.

"அண்டைக்கு ஒடுக்கத்தை வெட்டி விரிச்ச இடத்திலை வால்வு ஒழுகுது. கனபேருக்கு நாள் போக இப்பிடி வாறதுதான். வருசா வருசம் வந்து காட்டோணும். படபடப்பு நிக்காமல் அடிச்சால் உடனை வரோணும்."

"எத்தினை வருசத்துக்கு, டொக்டர்?"

"உயிர் இருக்குமட்டும்."

"அப்ப எனக்கு வருத்தமோ, சுகமோ?"

"சுகமாய்த்தான் இருக்கிறியள். ஆனால் பாத்துக்கொண்டிருக்கோணும்."

இது என்ன மறுமொழி என்று அவனுக்கு விளங்கவில்லை. எழும்பப் போனவன், ஆவணியில் கோயில் திருவிழா, செடில் குத்தலாமோ என்று கேட்டான்.

டொக்டரின் முகம் மாறியது. "ஐயோ, வேண்டாம். குத்திற இடத்தாலை கிருமி இரத்தத்துக்குள்ளை போனால் உங்கடை இருதயத்திலை போய்ப் பிடிக்கும். பிறகு காப்பாத்திறது கஷ்டம்."

வீட்டில் வந்து சொன்னான். மீனாம்பிகை அரிவாளை வைத்துவிட்டு எழும்பினாள்.

"பாத்தியே! இருபது வருசத்துக்கு மேலை அவரைக் காக்க வைச்சால் நெஞ்சு படபடக்காமல் வேறை என்ன செய்யும்? நேர்த்தியைச் செய், எல்லாம் நிக்கும்."

"செய்தால் கிருமி போகுமாம், அம்மா."

"முருகன்ரை முள்ளிலை கிருமியோ?"

"அம்மா, முள்ளுச் செய்யிறது கொல்லன்" என்றாள் வினோஜா. அவளுக்கு அன்றைக்கு நல்ல ஏச்சு.

கோயில் ஐயரைப் போய்க் கேட்டான். "நேர்த்தி வைச்ச ஆக்கள் மாத்திக்கொள்ளலாம் தம்பி. அம்மாவைக் கேளும்" என்றார். அம்மாவோ, "பால்செம்பைக் காட்டியே உன்னை வாங்கினனான்?" என்று கேட்டாள். மச்சான் முறையான கஜானன், "முள்ளுக்குப் பயந்து டொக்டரைச் சாட்டுறான்ரா" என்று சந்தியில் நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்தான். தகப்பனைக் கேட்டால், "உன்ரை முதுகு, நீ யோசி" என்றுவிட்டு மிளகாய்க் கண்டுக்குத் தண்ணீர் மாறப் போய்விட்டார். டொக்டர் சொல்வதும் சரி போல இருந்தது. தாய் சொல்வதும் சரி போல இருந்தது. குத்தினாலும் சாவு, குத்தாவிட்டாலும் சாவு என்று இரண்டு பக்கமும் சொன்னால் மனிதன் எங்கே போவான்?

அப்படியே திருவிழாவும் வந்தது. காவடி நாளன்று கிணற்றில் குளித்து, ஈர வேட்டியோடு செடில் குத்துகிற வரிசையில் போய் நின்றான். குத்துவதென்று முடிவெடுத்து நிற்கவில்லை. விடுவதென்று முடிவெடுத்தவன் அங்கே ஏன் நிற்கப் போகிறான் என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். வெயில் தலையைப் பிளந்தது. தவிலும் பறையும் காதுக்குள்ளேயே அடித்தன. முன்னால் நின்றவனுக்குக் குத்தி முடிந்து, முள்ளுக் குத்துகிற குணம் அண்ணை இவனுடைய முதுகில் திருநீற்றைப் பூசித் தோலைக் கிள்ளிப் பிடித்தார்.

அந்த நேரம் பார்த்து நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. தவிலை விட வேகமாக அடித்தது. உடம்பு நடுங்கி, கண் மேலே போய், கால் தள்ளாடியது.

"உரு வந்திட்டுது! பிடியுங்கோ, பெடியனிலை முருகன் இறங்கிட்டார்!"

ஆளாளுக்கு ஓடிவந்து தாங்கினார்கள். ஒருத்தி வேப்பிலையால் தடவினாள். முகத்துக்கு நேரே கற்பூரத்தைக் காட்டினார்கள். சிரித்துத் திரிந்த கஜானன் மண்ணில் விழுந்து கும்பிட்டான். "அரோகரா" என்று எழும்பிய சத்தத்தில், "மூச்சு ஏலாமல் கிடக்கு" என்று செந்தூரன் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

மீனாம்பிகை சனத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பெற்ற பிள்ளைக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"அப்பனே, வந்திட்டீங்களோ. நான் பாவி. உங்கடை வாயாலை சொல்லுங்கோ. பிள்ளைக்குச் செடில் குத்தட்டோ, விடட்டோ?"

தவில் நின்றது. இத்தனை சனமும் அவனுடைய வாயைப் பார்த்தது. செந்தூரனுக்குத் தலைக்குள் எல்லாம் வெள்ளையாக இருந்தது.

"வேண்டாம்" என்றது வாய். கொஞ்சம் பொறுத்து, "தண்ணி" என்றது.

"வேண்டாமாம்! அபிஷேகம் கேக்கிறார்!" என்று ஒரு கிழவர் கத்தினார். குடம் குடமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து தலையில் ஊற்றினார்கள். ஒருவரும் குடிக்கத் தரவில்லை. வழிந்ததை நக்கிக் குடித்தான். அந்தக் குளிர்ச்சியிலோ வேறெதிலோ நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கியது. குணம் அண்ணை முள்ளுகளைத் துடைத்து அடுத்த ஆளுக்கு எடுத்தார்.

இரண்டு நாள் பொறுத்துத் தாயிடம் சொன்னான்.

"அம்மா, அது முருகன் இல்லை. என்ரை வருத்தம். வேண்டாமெண்டு சொன்னது நான்தான்."

"உனக்கென்ன தெரியும்? உரு வந்தவனுக்குத் தன்ரை நினைவு இருக்கிறேல்லை."

உண்மையாகவே அவனுக்கு நினைவு சரியாக இல்லை. வேண்டாம் என்று சொல்ல நினைத்தானா என்று யோசித்துப் பார்த்தான். நினைத்த மாதிரியும் இருந்தது, நினைக்காத மாதிரியும் இருந்தது. இதற்கிடையில் ஆடு துலைத்த ஒருவன் குறி கேட்டு வாசலில் வந்து நின்றான்.

வினோஜா இந்தமுறை தாயையும் இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். இன்னொருமுறை படபடப்பு வந்தால் அம்மா கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு இருந்துவிடுவாள் என்று அவளுக்குப் பயம். டொக்டர் எல்லாம் கேட்டாள். சிரிக்கவில்லை. மீனாம்பிகையைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, இது இன்னொருக்கா வந்தால் நேரத்தை மினக்கெடுத்தாமல் உடனை இங்கை கொண்டு வாங்கோ."

"எது வந்தால், பிள்ளை?" மீனாம்பிகை விடவில்லை. "நெஞ்சடிப்பு வந்தாலோ, அவர் வந்தாலோ? எனக்குப் பாத்துச் சொல்லத் தெரியாது."

டொக்டர் செந்தூரனைப் பார்த்தாள். வினோஜாவும் அவனைப் பார்த்தாள்.

"எது வந்தாலும் கொண்டு வாங்கோ, அம்மா" என்றான்.

"அவரை எப்பிடி ஆஸ்பத்திரிக்கு..."

"அவரையும் பட்டாவிலை ஏத்திக்கொண்டு வாங்கோ. டொக்டர் பாக்கட்டும்."

மீனாம்பிகை சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள். பிறகு, "முன் சீற்றிலைதான் இருத்தோணும்" என்றாள்.