பாவட்டை பூத்த மாடிப்படி

இது சத்தியமாக நடந்த கதை. கையில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டு பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நான் குறைப்பதெல்லாம் முடியைத்தான். கதையைக் கொஞ்சம் நீட்டத்தான் செய்வேன். இதிலும் ஓரிடத்தில் நீட்டியிருக்கிறேன், எங்கே என்று கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

என் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒருவர் இருக்கிறார். மரவாடியில் கட்டை அடுக்குகிற வேலை. எங்களுக்கெல்லாம் அண்ணன். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எதிரே நிற்கிறவனுக்குத் தாடி முளைத்துவிடும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தது ரயிலில் ராவும் பகலும் போகிற தூரத்தில். அறையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் துவைத்த சட்டை காயும்.

காட்டிலிருந்து வந்த கட்டை ஒன்றின் பட்டையில் மண் ஒட்டியிருந்தது. அந்த மண்ணில் ஒரு நாற்று. பெயிண்ட் டப்பாவில் நட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். போனில் மகள் சிரித்தாளாம். "என்ன செடின்னே தெரியாமலா வளக்குறீங்க? சரி, பூத்தா சொல்லுங்கப்பா, பாக்க வர்றேன்." அவள் பேச்சுவாக்கில் சொன்னதுதான். இவர் அதை மனசில் ஆணியடித்து மாட்டிக்கொண்டார்.

அதிலிருந்து செடிக்கு ராஜ உபசாரம். மொட்டைமாடி வெயிலில் வைத்தார், கருகியது. போதாததற்கு இலையெல்லாம் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி. நோய் என்று நினைத்து, புள்ளி விழுந்த இலையை எல்லாம் கிள்ளி எறிந்தார். நான் ஊருக்கே பண்ணுகிற சவரத்தை அவர் ஒரு செடிக்கே பண்ணினார். அது வருஷக்கணக்கில் மொட்டைத் தலையோடு நின்றது. இரண்டாம் மாடித் தையல்காரர் அதைக் கொய்யா என்றார். அண்ணனுக்கு எதிர்வீட்டு டயர் கடைக்காரர் பார்க்காமலே விஷச்செடி என்றார்.

கடைசியில் டப்பாவோடு நாற்றுப்பண்ணைக்குப் போனார். அங்கிருந்த அக்கா மிச்சமிருந்த இலை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எதுக்குண்ணே மொட்டையடிச்சு வச்சிருக்கீங்க? இது நோயில்ல. அந்தப் புள்ளிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு குடியிருக்கு. அதோட சேந்துதான் செடி வளரும், தனியா வளராது."

"தனியா வளராதா?" என்று மட்டும் கேட்டாராம் அண்ணன்.

எதிரெதிராய் இரண்டிரண்டு இலை, காம்புகளுக்கு நடுவே நகத்துணுக்கு மாதிரி ஒரு செதில், இலையில் புள்ளி. சந்தேகமே இல்லை, பாவட்டை என்றார் அக்கா. காட்டில் பெரிய மரத்தடியில் வளர்கிற புதராம். நிழலில் வை, மக்கிய இலை போடு, ஈரம் காயவிடாதே, கையை மட்டும் வைக்காதே என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணன் அதைத் தன் கதவுக்கு வெளியே மாடிப்படி ஜன்னலோரம் வைத்தார். மழை பிடித்ததும் பூத்தது. வெள்ளைக் கொத்து, ஒவ்வொரு பூவுக்கும் நடுவே ஊசி நீட்டினாற்போல் ஒரு நரம்பு. அந்த வாசனையில் கீழே என் கடைச் சீப்பெல்லாம் மணத்தது. மகளுக்குப் போன் போட்டார். சட்டையை எடுத்துவிட்டு இரண்டு நாற்காலியையும் செடி பக்கத்தில் போட்டார். மகள் வந்தாள். பூ வாடும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள்.

நான் நீட்டினது இந்த இடத்தைத்தான். அவள் வரவில்லை. பிள்ளைக்குப் பரீட்சை, அடுத்த வாரம் வர்றேன் என்றாள். அதற்குள் பூ உதிர்ந்துவிட்டது. இரண்டு நாற்காலி போட்டது மட்டும் நிஜம். ஒன்றில் அவர் இருந்தார்.

கத்திக்கு முகத்தைக் கொடுத்திருந்த தையல்காரர் கண்ணைத் திறந்தார்.

"வந்தாள்னே விட்டிருக்கலாம்ல. உன்ன இப்ப யாருய்யா நிஜம் கேட்டா?"

பெஞ்சில் இருந்த டயர் கடைக்காரர் தையல்காரரை விடவில்லை. "நீ ரெண்டாம் மாடிதானே? ஏறிப்போய் அந்த நாற்காலில உக்காந்தா தேஞ்சா போயிருவ?"

"அண்ணனுக்கு எதிர்க்கதவு நீ. தெனம் அந்தப் பூவத் தாண்டித்தானே எறங்கின?"

"அவசரத்துல எறங்கினேன்."

"அவருகிட்ட ஒரு வார்த்தை பேசினியா?"

"நீ பேசினியா?"

தையல்காரர் பாதிச் சவரத்தோடு எழுந்து டயர் கடைக்காரர் சட்டையைப் பிடித்தார். நான் முதலில் கத்தியை ஒளித்தேன்.